வேலை கேட்கும் பூதம்

வேலை கொடுக்காவிட்டால் எசமானனையே விழுங்கிவிடும் பூதத்தின் கதையை நம்மில் பலரும் பாட்டியிடம் கேட்டிருப்போம். கிணறு வெட்டச் சொன்னால் கண்ணிமைக்கும் நேரத்தில் வெட்டிவிட்டு வந்து நிற்கும். மாளிகை கட்டச் சொன்னால் கட்டிவிட்டு அடுத்த வேலை என்ன என்று கேட்கும். வேலைகள் எல்லாம் தீர்ந்துபோய் உயிருக்கு அஞ்சிய எசமானன் கடைசியில் ஒரு நாயைப் பிடித்து வந்து, இதன் வாலை நிமிர்த்து என்று சொல்லித் தப்பித்துக்கொள்வான். தமிழ் இலக்கியம் தவிர வேறெதிலும் முறையான பயிற்சி இல்லாத நான், நாற்பது வயதைக் கடந்த பின், சென்ற ஆண்டு அப்படியொரு பூதத்தைப் பழக்க நேர்ந்தது. ஒரே ஒரு வேறுபாடு. இந்தப் பூதம் வேலை இல்லாவிட்டால் நம்மை விழுங்குவதில்லை, தானே மாய்ந்துவிடுகிறது. இது தெரியாமல்தான் முதல் நாள் இரவு முழுவதும் விழித்துக் கிடந்தேன்.

என் ஆசிரியர் 2019இல் காலமானார். அவர் வீட்டில் மரப்பெட்டி ஒன்றில் சிற்றிதழ்கள் இருந்தன. 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' முதற்கொண்டு, 1970இல் சென்னையிலிருந்து வெளிவரத் தொடங்கிய 'கசடதபற' உள்ளிட்ட பல இதழ்கள். பத்து இதழ்களோடு நின்றுபோன, பெயர்கூட மறந்துவிட்ட சில. அவற்றில் சிலவற்றில் அவர் மூன்று புனைபெயர்களில் கட்டுரைகள் எழுதியிருந்தார். நூலாகத் தொகுக்க ஒருபோதும் உடன்படவில்லை. அவருடைய துணைவியாருக்கு, நாங்கள் மாணவர் அனைவரும் அம்மா என்றே அழைப்பவருக்கு, கண்ணழுத்த நோயால் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. "அந்தக் கட்டுரையெல்லாம் இன்னொரு தடவை கேட்கணும் தம்பி. திதிக்கு முன்னாடி முடியுமா?" என்று கேட்டார். முடியும் என்று சொல்லிவிட்டேன்.

பக்கங்களைப் படமெடுப்பது எளிதாக முடிந்தது. மொத்தம் 3,600 பக்கங்கள். எந்த இதழில் எந்தக் கட்டுரை என்பது அம்மாவுக்கும் நினைவில்லை. புனைபெயர்களை மட்டும் சொன்னார். ஆக, படங்களை எல்லாம் எழுத்துகளாக மாற்றினால்தான் பெயரைக் கொண்டு தேட இயலும். கைப்பேசி அதை வாய்விட்டுப் படிக்கவும் இயலும். இவ்வாறு மாற்றித் தருவதற்கு டெசராக்ட் என்னும் இலவச மென்பொருள் இருக்கிறது. 1980களில் ஹியூலட் பேக்கர்ட் நிறுவனத்தில் உருவாகி, 2005இல் எல்லோரும் எடுத்தாள்வதற்காகத் திறந்துவிடப்பட்டது. தமிழும் அதற்குத் தெரியும். என் வீட்டுப் பழைய கணினியில், பக்கத்தின் கறைகளை நீக்கித் துலக்கி, எழுத்தைக் கண்டு எழுதி முடிக்க ஒரு பக்கத்திற்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆயிற்று. 3,600 பக்கங்களுக்கு அறுபது மணி நேரம்.

முதல் இரவு ஆணையைக் கொடுத்துவிட்டுக் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நூறு பக்கங்கள் ஓடியபின் அந்தச் சாளரத்தை மூடிவிட்டு உறங்கப் போனேன். காலையில் பார்த்தால் நூறோடு நின்றிருந்தது. சென்னையில் மென்பொருள் நிறுவனமொன்றில் பணியாற்றும் என் பழைய மாணவனைத் தொலைபேசியில் அழைத்தேன். "ஐயா, நீங்க சாளரத்தை மூடினா அதுக்குள்ள ஓடுறதும் செத்துப்போகும். பழைய காலத்துல டெலிபோன் லைன் அறுந்துபோச்சுன்னு கணினிக்குத் தெரிவிக்கிற சைகை அது. இன்னிக்கும் அதே பேர்தான், ஹேங்கப்" என்றான். முன்னால் நின்று பார்த்துக்கொண்டே இருக்கும் வேலை முகப்பு வேலை. பார்ப்பவர் போய்விட்டாலும் தொடரும் வேலை பின்னணி வேலை. எனக்கு வேண்டியது இரண்டாவது. அதைக் கொள்கலனில் வைத்து ஓட்டிவிடலாம் என்றான் அவன்.

கொள்கலன் என்ற சொல் துறைமுகத்திலிருந்து வந்தது. 1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மக்லீன் என்பவர் 58 இரும்புப் பெட்டிகளை ஐடியல் எக்ஸ் என்ற கப்பலில் ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். அதுவரை மூட்டை மூட்டையாக, பீப்பாய் பீப்பாயாக ஏற்றி இறக்கிய சரக்கு ஒரே அளவுப் பெட்டிக்குள் அடங்கியது. உள்ளே இருப்பது பஞ்சா பாத்திரமா என்று பாரந்தூக்கிக்குத் தெரிய வேண்டியதில்லை. மென்பொருளுக்கும் அத்தகைய பெட்டி செய்யும் முயற்சிகள் லினக்ஸ் உலகில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தன. 2013 மார்ச்சில் சாலமன் ஹைக்ஸ் என்பவர் கலிபோர்னியாவின் சான்டா கிளாராவில் நடந்த பைத்தான் மாநாட்டில் சில நிமிட நேரம் பேசி அறிமுகப்படுத்திய டாக்கர் அதை எளியோர் கைக்குக் கொண்டுவந்தது. ஒரு நிரலும், அது இயங்கத் தேவையான துணை நிரல்களும், சரியான பதிப்பில், ஒரே கட்டாக. அக்கட்டுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரைத் தமிழில் 'படிமம்' என்கிறோம். வகுப்பில் புதுக்கவிதை நடத்தும்போது நான் நாள்தோறும் எழுதும் அதே சொல். இங்கே அதன் பொருள் அச்சு என்பதற்கு நெருக்கமானது. ஓர் அச்சிலிருந்து எத்தனை வெல்லக்கட்டிகள் வேண்டுமானாலும் வார்க்கலாம். கட்டி கரைந்தாலும் அச்சு அப்படியே இருக்கும். படிமம் அச்சு, கொள்கலன் வெல்லம்.

"முதல்ல சும்மா ஒரு வணக்கம் சொல்ல வையுங்க" என்றான் மாணவன். 'டாக்கர் ரன்' என்று தொடங்கி, பின்னணியில் ஓடு என்பதற்கு ஒரு சிறுகோடும் 'டி' என்ற ஓர் எழுத்தும் சேர்த்து, உபுண்டு என்ற படிமத்தைச் சொல்லி, 'வணக்கம்' என்று அச்சிடும் சிறிய ஆணையைக் கொடுத்தேன். திரையில் வணக்கம் வரவில்லை. எண்ணும் எழுத்தும் கலந்த 64 குறிகள் கொண்ட நீண்ட வரி ஒன்று வந்தது. அது கொள்கலனின் அடையாள எண்ணாம். சரி, ஓடுகிறது என்று மகிழ்ந்து, ஓடுபவற்றைப் பட்டியலிடும் 'டாக்கர் பிஎஸ்' ஆணையைக் கொடுத்தேன். பட்டியல் வெறுமையாக இருந்தது.

மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் அடையாள எண் வந்தது. பட்டியல் வெறுமையாகவே இருந்தது. அவன் உறங்கியிருப்பான் என்று நினைத்து அழைக்கவில்லை. விடியும்வரை ஏன் ஏன் என்று புரண்டேன். காலையில் அவன் சிரித்தான். "நின்னுபோனதையும் காட்டச் சொல்லிக் கேளுங்க ஐயா." கேட்டேன். மூன்றும் அங்கே இருந்தன, பக்கத்தில் 'வெளியேறியது, பூச்சியம்' என்ற குறிப்போடு. பூச்சியம் என்றால் குறையேதும் இல்லாமல் வேலை முடிந்தது என்று பொருள். பிழையோடு முடிந்திருந்தால் வேறு எண் இருக்கும். 'டாக்கர் லாக்ஸ்' என்று கேட்டபோது, முடிந்துபோன அந்தக் கொள்கலன் சொல்லிச் சென்ற 'வணக்கம்' பதிவேட்டில் பத்திரமாக இருந்தது.

இதில்தான் எல்லாம் இருக்கிறது. கொள்கலன் என்பது தனிக் கணினி போலத் தோன்றினாலும், அதன் உயிர் அதற்குக் கொடுத்த முதல் வேலையில் இருக்கிறது. உள்ளே அந்த வேலைக்கு எண் ஒன்று. அது முடிந்தால் கொள்கலனும் முடிந்தது. வணக்கம் சொல்ல ஒரு நொடியில் சிறு பகுதி போதும், சொல்லிவிட்டுப் போய்விட்டது. 'பின்னணியில் ஓடு' என்ற ஆணை, என் திரையைப் பிடித்துக்கொள்ளாதே என்று மட்டுமே சொல்கிறது. என்றும் உயிரோடு இரு என்று சொல்வதில்லை.

அப்படியானால் உயிரோடு வைத்திருப்பது எப்படி? நாய்வால்தான். 'என்றென்றும்: வணக்கம் சொல், ஒரு நொடி உறங்கு' என்று சுழலும் கட்டளையைக் கொடுத்தேன். இப்போது பட்டியலில் ஒரு வரி தோன்றியது. அடையாள எண்ணின் முதல் பன்னிரண்டு குறிகள், எப்போது பிறந்தது, என்ன செய்கிறது, கடைசியில் ஒரு பெயர். நாம் பெயர் வைக்காவிட்டால் டாக்கரே ஓர் அடைமொழியையும் ஓர் அறிவியலாளரின் பெயரையும் சேர்த்து வைத்துவிடும். எனக்கு வாய்த்த பெயர் 'ஸ்லீப்பி ராமானுஜன்'. தூங்குமூஞ்சி ராமானுஜன்! அந்தப் பெயர்ப் பட்டியலில் சர் சி.வி. ராமனும் சந்திரசேகரும்கூட இருக்கிறார்கள் என்பதைப் பின்னால் அறிந்தேன். பதிவேட்டைத் தொடர்ந்து காட்டச் சொன்னேன். வணக்கம், வணக்கம், வணக்கம். நொடிக்கொரு வணக்கம். சாளரத்தை மூடினேன். சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி திறந்தேன். நான் இல்லாத நேரத்து வணக்கங்களும் வரிசையாக இருந்தன. யாரும் கேட்காத வணக்கங்கள். ஏனோ அது என்னைத் தொட்டது.

நிறுத்தச் சொன்னபோது உடனே நிற்கவில்லை. பத்து நொடி தாமதித்தது. இதற்கும் காரணம் உண்டு. டாக்கர் முதலில் 'முடித்துக்கொள்' என்று மரியாதையாகச் சொல்லிப் பார்க்கிறது. கொள்கலனுக்குள் எண் ஒன்றாக இருக்கும் வேலை, அந்தச் சொல்லுக்கு என்ன செய்ய வேண்டும் என்று முன்பே எழுதிவைத்திருந்தால் ஒழிய அதைச் செவிமடுக்காது. என் எளிய சுழற்சியில் அப்படி எதையும் நான் எழுதவில்லை. பத்து நொடி பொறுத்தபின் டாக்கர் கொன்றுவிடுகிறது. அப்போது வெளியேறும் எண் 137. மரியாதையாக விடைபெறுவதையும் நாம்தான் கற்றுக்கொடுக்க வேண்டும் போலும்.

பின்னணியில் ஓயாமல் இயங்குபவற்றுக்கு இத்துறையினர் வைத்த பெயர் டீமன். 1867இல் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் தம் நண்பர் டெய்ட்டுக்கு எழுதிய கடிதத்தில், ஒரு சிறு கதவருகே அமர்ந்து வேகமான மூலக்கூறுகளை ஒரு பக்கமும் மந்தமானவற்றை மறுபக்கமும் பிரித்தனுப்பும் நுண்ணுயிரைக் கற்பனை செய்தார். பின்னால் அதற்கு 'மேக்ஸ்வெல்லின் பூதம்' என்று பெயர் நிலைத்தது. 1963 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கணினித் திட்டமொன்றில் இருந்தவர்கள், ஓசையின்றிப் பின்னால் உழைக்கும் தங்கள் நிரல்களுக்கு அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். கொள்கலன்களைப் பெற்று வளர்த்து நிறுத்தும் டாக்கரின் தலைமை நிரலும் ஒரு டீமனே. பூதம் என்றால் நமக்குச் சிலப்பதிகாரம் நினைவுக்கு வரும். புகாரின் ஐந்து மன்றங்களில் ஒன்று பூதசதுக்கம். தவவேடத்தில் மறைந்து தீது செய்வோரையும் பொய்ச்சாட்சி சொல்வோரையும் பாசக்கயிற்றால் கட்டிப் புடைத்து உண்ணும் பூதம் அங்கே காவல் நின்றது. நகர மக்கள் உறங்கும்போதும் அது உறங்கியதில்லை. பின்னணி வேலைக்கு இதைவிடப் பொருத்தமான பழம் உருவம் எனக்குத் தெரியவில்லை.

மாணவன் அனுப்பிய படிமத்தில் டெசராக்டும், தமிழ்த் தரவும், பக்கம் பக்கமாக எடுத்துக் கொடுக்கும் ஒரு சிறு நிரலும் இருந்தன. புதன்கிழமை காலையில் ஓடவிட்டேன். கல்லூரிக்குப் போனேன், வந்தேன், உண்டேன், உறங்கினேன். இடையிடையே பதிவேட்டைப் பார்த்தால் 812, 813 என்று பக்க எண்கள் நகர்ந்துகொண்டிருந்தன. வெள்ளிக்கிழமை இரவு 'வெளியேறியது, பூச்சியம்' என்று வந்தது. ஞாயிற்றுக்கிழமை திதி.

வேலை முடிந்ததும் மேசையைத் துடைத்துவிட்டு எழும் பழக்கம் எனக்கு. சோதனைக்காக உண்டாக்கிய பழைய ராமானுஜன்கள் எல்லாம் பட்டியலை அடைத்துக்கொண்டிருந்தார்கள். நின்றுபோன கொள்கலன்களை மொத்தமாக நீக்கும் ஆணை ஒன்றைப் படித்திருந்தேன். கொடுத்தேன். நின்றவை அனைத்தும் நீக்கப்படும், உறுதிதானா என்று கேட்டது. ஆம் என்றேன்.

3,600 பக்கங்களும் அந்தக் கொள்கலனுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தன. படங்களிருந்த கோப்புறையை வெளியிலிருந்து உள்ளே பிணைத்திருந்தேன். எழுத்துகள் சேரும் கோப்புறையைப் பிணைக்க மறந்துவிட்டேன். நின்றுபோன கொள்கலன் அழிந்துபோனதாகாது. அது எழுதியவை எல்லாம் அதனுள் அப்படியே இருக்கும். ஒரே ஆணையில் வெளியே நகலெடுத்திருக்கலாம். நீக்கினால்தான் போகும். நான் நீக்கிவிட்டேன். நள்ளிரவென்றும் பாராமல் மாணவனை அழைத்தேன். சற்று நேரம் அவன் பேசவில்லை. பிறகு, "நான்தான் அதைச் சொல்லியிருக்கணும் ஐயா" என்றான். சொல்லியிருந்தான். என் குறிப்பேட்டில் என் கையெழுத்திலேயே இருந்தது.

ஞாயிறன்று வெறுங்கையோடு போனேன். படையல் முடிந்து, காகத்துக்குச் சோறு வைத்து, எல்லோரும் உண்டு எழுந்தபின் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். கணினி, கொள்கலன் என்றெல்லாம் விளக்காமல், எழுதியது அழிந்துவிட்டது, தவறு என்னுடையது என்று மட்டும் சொன்னேன். "அதனால என்ன தம்பி. அவரே மூணு தடவை எழுதிக் கிழிச்சுப் போட்டுட்டு நாலாவது தடவை எழுதுவார். நீ ஒரு தடவைதானே கிழிச்சிருக்கே" என்றார். எனக்குச் சாப்பிட்டது தொண்டையிலேயே நின்றது.

இரண்டாம் முறை நிதானமாகச் செய்தேன். எழுத்துகள் சேரும் கோப்புறை வெளியே இருந்தது. கொள்கலன் போனாலும் எழுத்து நிற்கும். எங்கள் பகுதியில் மின்சாரம் சொல்லாமல் போகும். ஆகவே, நானாக நிறுத்தினால் ஒழிய மறுபடி எழுந்து ஓடு என்ற விதியையும் சேர்த்தான் மாணவன். அந்த விதியில் ஒரு சிக்கல் உண்டு. வேலையை நல்லபடி முடித்துவிட்டு வெளியேறினாலும் அது மீண்டும் எழுப்பிவிடும். எனவே நிரலையும் மாற்றினான். முன்பே முடித்த பக்கத்தைத் தொடாதே; புதிய பக்கம் இல்லையென்றால் ஒரு நிமிடம் உறங்கிவிட்டு மீண்டும் பார். மறுபடியும் நாய்வால். இரண்டு முறை மின்சாரம் போயிற்று. இரண்டு முறையும் கணினியை இயக்கியபோது, விட்ட இடத்திலிருந்து பூதம் தானே தொடர்ந்தது.

புனைபெயர்களைத் தேடினேன். பதினான்கு கட்டுரைகள் கிடைத்தன. அடுத்த ஞாயிறு கைப்பேசியை அம்மாவின் அருகில் வைத்து முதல் கட்டுரையைப் படிக்கவிட்டேன். 1960களில் எழுதப்பட்டது. இயந்திரக் குரல் ஏற்ற இறக்கமில்லாமல் படித்தது. அம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டாம் பத்தியில் கையை உயர்த்தினார்.

"அவை இல்ல தம்பி. அலை."

இதழை எடுத்துப் பார்த்தேன். 'அலை' என்றுதான் அச்சாகியிருந்தது. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிடுவதற்கு முற்பட்ட அச்சு. துதிக்கை வளைந்த பழைய லை. அந்த வடிவத்தை அறியாத மென்பொருள் அதை வை என்று கண்டுவிட்டது. பிழை புரிந்தது. அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்பது புரியவில்லை. கேட்டேன்.

"முதல்ல திரைன்னுதான் எழுதியிருந்தார். ரெண்டு வரி தள்ளி ஜன்னல் திரை வருது, படிக்கிறவங்க எந்தத் திரைன்னு குழம்புவாங்கன்னு நான்தான் மாத்தச் சொன்னேன். ஒரு நாள் பூரா பேசல. மறுநாள் அவரே மாத்திட்டார்."

"நீங்கள் படித்துப் பார்ப்பீர்களா அம்மா?"

"அவர் கையெழுத்தை எந்த அச்சுக்கோப்பவன் படிப்பான்? எல்லாம் நான் பிரதி பண்ணி அனுப்பினதுதானே."

எங்கள் ஆசிரியரின் எழுத்துச் செறிவைப் பற்றி நான் இருமுறை கருத்தரங்கில் பேசியிருக்கிறேன். அவருடைய சொல் தேர்வைப் பற்றித் தனியாக ஒரு பகுதி எழுதியிருக்கிறேன். அந்த வீட்டுக்கு இருபத்தைந்து ஆண்டுகளாகப் போய்வருகிறேன். அம்மா காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போவதைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது ஞாயிறுதோறும் ஒரு கட்டுரை. குரல் படிக்கும்; அம்மா நிறுத்துவார்; நான் திருத்துவேன். ஏழு முடிந்திருக்கிறது. தொகுத்து நூலாக்க அம்மா ஒப்புக்கொண்டுவிட்டார். படியெடுத்தவர், செப்பனிட்டவர் என்று அவர் பெயரையும் போட வேண்டும் என்றேன். "அதெல்லாம் எதுக்கு" என்றார். அதைப் பற்றி இன்னும் பேசி முடியவில்லை.

வீட்டுக் கணினியில் அந்தக் கொள்கலன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. புதிய பக்கம் எதுவும் வரவில்லை. நிமிடத்துக்கொரு முறை விழித்து, கோப்புறையைப் பார்த்து, மீண்டும் உறங்குகிறது. நிறுத்திவிடலாம்தான். அம்மா வீட்டுப் பரணில் இன்னொரு பெட்டி இருப்பதாகச் சென்ற வாரம் சொன்னார்.